டப்பா மீனைக் கழுவக் கூடாது

1

காலையில் அக்கா போன் செய்தாள். புதன்கிழமை, பிரான்சில் பள்ளிக்கூடம் இல்லாத நாள். வீடே இன்னும் போர்வைக்குள் இருந்தது. அக்காவுக்கு நேர வித்தியாசமெல்லாம் கிடையாது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வெயில் ஏறிவிட்டால் உலகம் முழுக்க ஏறிவிட்டதாகக் கணக்கு. எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

“வசந்தா, வரும்போது அந்த மத்தி டப்பா எடுத்துட்டு வா. போன தடவ மாதிரி கொஞ்சமா கொண்டாராத. பொட்டி நெறைய கொண்டா.”

எனக்குத் தூக்கம் பறந்துவிட்டது. கேட்பது யார் தெரியுமா? தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் முடிந்து கூடை வெளியே வரும்போது முதல் ஆளாக நிற்கிற என் அக்கா சாந்தி! செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, நாலு கூடையை வேண்டாமென்று தள்ளி, ஐந்தாவதில்தான் பேரத்தையே ஆரம்பிப்பாள். ஐஸ் போட்ட மீனைப் பொணம் என்பாள். அந்த அக்காவின் வாயிலிருந்து டப்பா என்ற வார்த்தை வருகிறது.

“இன்னொரு தடவ சொல்லுக்கா,” என்றேன்.

“எதுக்குடி கத்துற? டப்பா. டப்பா. போதுமா?”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் இந்தச் சந்தோஷம் விளங்க வேண்டுமானால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்கிறேன். டப்பா மீனைத் துளிகூட வீணாக்காமல் சமைக்கிற வித்தையும் இதிலேயே வருகிறது. ஒன்றையும் மறைக்கப் போவதில்லை.

2

கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது யூரோ வராத பிராங்க் காலம். என் கணவர் சொல்தா வீட்டுப் பிள்ளை, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் மகன். அவருக்குத் தபால் பிரிக்கிற இடத்தில் வேலை. விடியும் முன்னால் போய்விடுவார். பாரிசுக்கு வெளியே நாலாவது மாடியில் எனக்கு ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு. எதிரே அதே மாதிரி இன்னும் பல ஜன்னல்கள், ஒன்றிலும் ஆள் தெரியாது.

ஒரு நாள் கடையிலிருந்து மத்தி மீன் டப்பா இரண்டு வாங்கிவந்து, “இத வெச்சு ஒரு கொழம்பு வெய்யி, நாக்கு செத்துப் போச்சு,” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

திறந்தேன். ஒரே எண்ணெய். மெஷினுக்கு விட்ட எண்ணெயோ, கெடாமல் இருக்க ஊற்றிய மருந்தோ என்று நினைத்து அப்படியே சிங்க்கில் கவிழ்த்தேன். பிறகு மீனைக் கழுவ உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் மீன் கழுவுவது சும்மா இல்லை. கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்க்க வேண்டும். சொரசொரப்பான சட்டியில் உரச வேண்டும். தண்ணீரை மாற்றி மாற்றி, கடைசித் தண்ணீர் குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிவாக வரும்வரை விடக் கூடாது. அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, தலையில் குட்டிக் குட்டிப் பழக்கியது.

தேய்த்தேன். தண்ணீர் கலங்கியது. மாற்றினேன். மறுபடி கலங்கியது. இந்த ஊர் மீன் எவ்வளவு அழுக்காக இருக்கிறது பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தேய்த்தேன். கடைசியில் தண்ணீர் தெளிந்தது. சட்டியில் மீன் இல்லை.

சாயந்திரம் அவர் சாப்பிட உட்கார்ந்து குழம்பைக் கரண்டியால் துழாவினார்.

“மீன் எங்க?”

“கழுவுனேன்.”

“சரி, எங்க?”

“அதான் சொல்றேனே, கழுவுனேன்.”

மறுநாள் சிங்க் அடைத்துக்கொண்டது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துகீசிய அம்மாள் வந்து குழாயைக் கழற்றினாள். உள்ளேயிருந்து வந்ததைப் பார்த்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். மத்தி மீன் என்றால் அவர்கள் ஊர்க்காரர்களுக்கு உயிராம், அதை இப்படிக் கொன்றவளை அவள் பார்த்ததில்லையாம். அப்போது எனக்குப் பிரெஞ்சில் தெரிந்தது மெர்சி, அதாவது நன்றி, ஒன்றுதான். அவள் திட்டத் திட்ட நான் மெர்சி, மெர்சி என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

3

வித்தை கிடைத்தது சமையலறையில் இல்லை, வரிசையில். இங்கே தங்குவதற்கு அட்டை வாங்க விடியும் முன்னாலேயே ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும். குளிரில் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்போம். உள்ளே போனால் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் மதாம் ஒரு காகிதம் குறைகிறது என்பாள். அடுத்த முறை அதைக் கொண்டுபோனால் வேறொன்று குறையும். இந்தக் கூத்தில் என் பெயரும் மாறிவிட்டது. அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதிவிட்டார்கள். இன்றைக்கும் டாக்டர் வீட்டில் “மதாம் ரங்கசாமி” என்று கூப்பிட்டால் நான்தான் எழுந்து போகிறேன். அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அல்ஜீரியக்காரர் ஒருவர் பையிலிருந்து மத்தி டப்பாவை எடுத்துத் திறந்தார். ரொட்டியைப் பிய்த்து, முதலில் எண்ணெயில் தோய்த்துச் சாப்பிட்டார். பிறகு மீன், முள்ளோடு. கடைசித் துண்டு ரொட்டியால் டப்பாவின் மூலை முடுக்கெல்லாம் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார். டப்பா பளபளவென்று இருந்தது.

எனக்குத் தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது. அடிப் பாவி, எண்ணெய்தான் மீனே! அந்த எண்ணெயையா சிங்க்கில் கொட்டினாய்!

அன்றைக்கும் காகிதம் குறைந்தது. எனக்குக் கவலையே இல்லை. வரும் வழியில் டப்பா வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். அன்று செய்ததைத்தான் இன்றுவரை செய்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனைத் தொடாதீர்கள். டப்பாவைச் சாய்த்து எண்ணெயை மட்டும் சட்டியில் வடியுங்கள். வேறு எண்ணெய் வேண்டாம். அது காய்ந்ததும் நம் தாளிப்பு வடகத்தைக் கிள்ளிப் போடுங்கள். (அந்த வடகத்தைத்தான் இங்கே வதுவான் என்று குட்டிப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். எனக்கு அக்கா துணிப்பையில் கட்டி அனுப்புவாள்.) வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகாய்த்தூள், எல்லாம் அந்த மீன் எண்ணெயிலேயே வதங்கட்டும். அங்கேயே பாதிக் குழம்பு ஆகிவிட்டது. மீனைத் தட்டில் மெதுவாகச் சரித்துவிட்டு, புளிக்கரைசலை நேராகச் சட்டியில் ஊற்றாமல் காலி டப்பாவில் ஊற்றுங்கள். ஒரு சுற்றுச் சுற்றி, ஒட்டியிருக்கும் தூள், எண்ணெய் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு சட்டிக்குக் கொண்டுவாருங்கள். உப்பு பாதி போதும், மீனில் ஏற்கெனவே இருக்கிறது. குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்ததும் அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் மீன். கரண்டி போட்டால் போச்சு! சட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுழற்று, மூடி வைத்துவிடுங்கள். சோறு வடிக்கிற நேரம் பொறுத்தால் மீனில் புளி ஏறியிருக்கும். முள் பஞ்சாகிவிட்டது, அதையும் சாப்பிடலாம். உடைந்த துண்டு இருந்தால் வெங்காயம் பச்சைமிளகாய் வதக்கி, தேங்காய்ப்பூவோடு உதிர்த்தால் புட்டு.

குப்பைக்குப் போகிற டப்பாவில் வாசனைகூட மிஞ்சாது. போர்த்துகீசிய அம்மாள் டப்பா போடுகிற என் மஞ்சள் குப்பைத் தொட்டியை மோந்து பார்த்துவிட்டு முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

4

புதன்கிழமை டப்பா மீன் என்பது அப்படித்தான் எங்கள் வீட்டில் சட்டமானது. பள்ளி இல்லாததால் மகள் மாலினி மத்தியானம் வீட்டில் இருப்பாள். நாற்காலி மேல் ஏறி நின்று டப்பாவில் புளித்தண்ணீரைச் சுற்றுவது சின்ன வயதில் அவள் வேலை.

பிறகு அவள் வளர்ந்தாள். நாற்காலி வேண்டியதில்லை, நானும் வேண்டியதில்லை. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். கொஞ்சம் போனால் பதிலுக்குத் தோள் மட்டும் குலுங்கும். பன்னிரண்டு வயதில் ஒரு நாள், சாப்பாட்டு மேசையில், இனிமேல் புதுச்சேரிக்கு வரமாட்டேன் என்று அறிவித்தாள். லீவுக்குத் தோழிகள் எல்லோரும் பிள்ளைகள் முகாமுக்குப் போகிறார்கள், கொலோனி என்பார்கள், அங்கே போக வேண்டும். புதுச்சேரியில் தனக்கு யாரிடமும் பேச ஒன்றுமில்லை, அங்கே எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள், கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் கணவர் பஞ்சாயத்துப் பேசினார். அக்கா மகள் ஜெயந்தியின் கல்யாணம் சித்திரையில் வருகிறது. அதற்கு மட்டும் மாலினி வர வேண்டும். திரும்பி வந்த பிறகும் அவளுக்கு வேண்டாமென்றால் பிறகு யாரும் வற்புறுத்தக் கூடாது, நானும் வாய் திறக்கக் கூடாது. சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மூன்று ராத்திரி தூங்கவில்லை. அந்தச் சித்திரை லீவின் இரண்டு வாரத்தில் என் பிள்ளை ஊரோடு ஒட்டவில்லையென்றால் அதற்குப் பிறகு என் ஊர் எனக்கு மட்டும்தான்.

புறப்படும் அன்று பெட்டியைத் தூக்கினால் கல் மாதிரி கனத்தது. திறந்து பார்த்தால் துணிக்கு நடுவே ஆறு மத்தி டப்பா. தனக்கு அங்கே சாப்பிட ஒன்றும் இருக்காது, அதனால் எடுத்துக்கொண்டாளாம். கடல் பக்கத்தில் இருக்கிற ஊருக்கு டப்பா மீனா! வெளியே எடுத்து வைத்தேன். அவள் உள்ளே வைத்தாள். மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தாள்.

சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி ஒரு டப்பாவை எடுத்துப் பார்த்தார்.

“மீனா? எந்த ஊருக்குப் போறீங்க?”

“பாண்டிச்சேரி.”

அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “போங்கம்மா,” என்றார். எனக்கு மானமே போயிற்று.

5

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. கல்யாணச் சாப்பாடு சைவம்தானே. மாலினி அப்பளத்தை மட்டும் சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்தால் பேக்கரி ரொட்டியும் வாழைப்பழமும். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். அவள் பெரியம்மா ஏதாவது கேட்டால் என்னைப் பார்ப்பாள். நான் ஒவ்வொரு நாளும் மனசுக்குள் கழித்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம்தான் அந்த விருந்து. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை முதல் முறையாகப் பெண் வீட்டில் கவுச்சி சாப்பிடுகிற நாள். மாப்பிள்ளை வீட்டார் வில்லியனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். நிச்சயத்தின்போதே சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்: “கோழி ஆடு எங்க வீட்லயே மேயுது. டவுன்ல பொண்ணு எடுத்ததே கடல் மீன் சாப்புடத்தான்.” விளையாட்டுத்தான். ஆனால் அக்கா அதைக் கல்வெட்டு மாதிரி மனசில் வைத்திருந்தாள்.

சித்திரையில் மீன்பிடித் தடை என்பது அவளுக்குத் தெரியாததில்லை. விசைப்படகு போகாவிட்டாலும் சின்னப் படகில் போகிறவர்கள் கொண்டுவருவார்கள், வழக்கமான மீன்காரி எடுத்துவைப்பாள் என்று நம்பியிருந்தாள். விடிந்ததும் அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேங்காய்த்திட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் பை தொங்கவில்லை, சுருட்டி வைத்திருந்தார்.

“படகெல்லாம் வரிசையா கட்டிப் போட்டுருக்கான். வந்த நாலு மீனையும் ஓட்டல்காரன் அள்ளிட்டுப் போயிட்டான். அந்தம்மா எனக்கே இல்லன்னு கைய விரிக்குது.”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரியாணி வெந்துகொண்டிருந்தது, கோழி இருந்தது, முட்டை இருந்தது. ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை.

“மொத விருந்துலயே சொன்ன சொல்லு தவறிட்டேனே. காலத்துக்கும் எம் பொண்ணத்தான பேசுவாங்க.” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கல்யாணத்தில் அழாதவள்.

மாலினி மாடிப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். காதிலிருந்ததைக் கழற்றினாள். எழுந்து உள்ளே போனாள். வரும்போது மடித்த பாவாடைக்குள் ஆறு டப்பாவையும் ஏந்தி வந்து பெரியம்மா முன்னால் அடுக்கினாள்.

“டப்பாவா?” என்றாள் அக்கா. “சம்பந்தி எலையிலயா? அதுவும் மத்தியா?” மத்தி என்றால் அவளுக்குப் பூனைக்குப் போடுகிற மீன்.

“வேற வழி இருக்கா?” என்றார் மாமா.

வேறு வழி இல்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு டப்பாவைத் திறந்தாள். நான் வெங்காயத்தை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் எண்ணெய் முழுவதும் சிங்க்கில் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் இன்னொரு கை கல் உப்பு ஜாடிக்குள் இருந்தது.

“பெரிம்மா! கழுவாத!”

அந்த வீடே நின்றுவிட்டது. கத்தினது நான் இல்லை. மாலினி!

“தொடாத! தள்ளு! கைய எடு!”

அக்கா கையை எடுத்தாள். நான் பிறந்ததிலிருந்து என் அக்கா இன்னொருவர் சொல்லிக் கையை எடுத்துப் பார்த்ததில்லை. மாலினி மீனைப் பிடுங்கித் தட்டில் வைத்தாள். மிச்சம் ஐந்து டப்பாவின் எண்ணெயையும் சட்டியில் வடித்தாள்.

“அம்மா, வடகம் எடு. சீக்கிரம். பெரிம்மா, புளி கரை. கெட்டியா கரை. பெரிப்பா, நின்னுகிட்டு பாக்காத, வெங்காயம் உரி!”

மாமா வெங்காயம் உரித்தார். எல்லோரையும் நீ, வா, போ என்று விரட்டினாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாலினிக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. இத்தனை வருஷம் நான் அவளிடம் பேசிய தமிழ் அதுதான்: எடு, வை, தொடாதே, சீக்கிரம், கரண்டி போடாதே. என் வாய் அப்படியே அவள் வாயில் இருந்தது. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, எது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

புளியை ஒவ்வொரு டப்பாவாக ஊற்றிச் சுற்றினாள். அடுப்பை அணைத்துவிட்டு மீனைச் சரித்தாள். அக்கா பழக்கத்தில் கரண்டியை எடுத்தாள்.

“போடாத!”

அக்கா கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். உடைந்த துண்டையெல்லாம் கூட்டிப் புட்டும் ஆயிற்று. விருந்தாளி இலைக்கு மட்டும் மீன், வீட்டு ஆட்களுக்கு வெறும் குழம்பு என்று நாங்கள் கண்ணாலேயே பேசி முடித்துக்கொண்டோம்.

6

பந்தியில் சம்பந்தியம்மா பிரியாணியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சோறு கேட்டார். குழம்பு ஊற்றினோம். ஒரு வாய் வைத்தார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்த இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

“இன்னா மீனு இது? முள்ளே தெரியல?”

அக்கா என் பக்கம் திரும்பினாள். என்ன பொய் சொல்லலாமென்று நானும் தேடிக்கொண்டிருந்தேன்.

“டப்பா மீன்,” என்றாள் மாலினி. “பிரான்ஸ்ல இருந்து நான் கொண்டாந்தேன்.”

எல்லோர் கையும் இலையிலேயே நின்றது. சம்பந்தியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“கழுவுனியா?”

“கழுவக் கூடாது,” என்றாள் என் மகள். “கழுவுனா மீன் போயிடும். அம்மா ஒரு தடவ கழுவுச்சு. போயிடுச்சு.”

முதலில் மாப்பிள்ளை சிரித்தான். பிறகு சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டு புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, “அந்த டப்பாவக் காட்டு,” என்றார். மாலினி ஓடிப்போய்க் காலி டப்பாவைக் கொண்டுவந்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

“சுத்தமா வழிச்சுட்டியே கண்ணு. ஒரு சொட்டு வெச்சிருக்கியா பாரேன்.” அக்கா பக்கம் திரும்பினார். “இன்னும் ரெண்டு மீன் போடுங்க. அந்த டப்பாவையும் கட்டிக் குடுங்க, வெத்தலைக்குச் சுண்ணாம்பு வெச்சுக்கறேன்.”

அக்கா மீன் போட்டாள். ஒன்றுகூட உடையவில்லை. மாடிப்படிக்கு அன்றைக்கு யாரும் போகவில்லை. ஜெயந்தி மாலினியைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். சாயந்திரம் போகும்போது சம்பந்தியம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினார். அவளும் எட்டி அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டாள்.

ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். புதுச்சேரியிலிருந்து சென்னைக்குக் காரில், விமானத்தில், வீட்டுக்கு வரும் ரயிலில், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாமென்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான். வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கியதும் அவள் அப்பாதான் கேட்டார், பிரெஞ்சில், ரொம்பச் சாதாரணமாக: அடுத்த லீவுக்கு என்ன, கொலோனிதானே?

அவள் காலணியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஜூலைக் கோடை லீவில் கொலோனி என்று பிரெஞ்சில் சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனேன். பின்னாலிருந்து, தமிழில், என் குரலில், ஒரு அதட்டல் வந்தது.

“அடுத்த சித்திரைக்கு ஊருக்கு டிக்கெட் போடு. நான் போவலன்னா பெரிம்மா கழுவிடும்.”